டைரனோசருக்குச் சிட்டுக்குருவி சொந்தமாம்: ஜார்ஜ் டவுனில் ஒரு சனிக்கிழமை

பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை. என் மகள் நிலாவுக்கு ஒன்பது வயது, டைனோசர் பைத்தியம். கைக்குழந்தையாக இருக்கும்போதே தத்தெடுத்தோம். அது அவளுக்கும் தெரியும். ஜார்ஜ் டவுன் பேரங்காடி ஒன்றில் எலும்புக்கூடு கண்காட்சி என்று கேள்விப்பட்டதிலிருந்து நச்சரிப்பு தாங்கவில்லை. சரி, தொலையட்டும் என்று கிளம்பினோம்.

காலை எட்டரைக்கு புக்கிட் மெர்தாஜாமில் ரயில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரி. எனக்குக் கட்டணம் இரண்டு வெள்ளி. கால் மணி நேரத்தில் தீவு. காரில் போய்ப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொள்ளாதீர்கள். கண்காட்சி நுழைவுச்சீட்டு எனக்கு முப்பது வெள்ளி, அவளுக்கு இருபது.

உள்ளே பலகைகளில் படித்தது இது: ஊன் தின்னும் டைனோசர்களை ஒரு காலத்தில் பெரியவை ஒரு கூட்டம், சிறியவை ஒரு கூட்டம் என்று பிரித்தார்களாம். இப்போது உடம்பைப் பார்த்து ஏமாறுவதில்லை. எலும்பில் உள்ள அடையாளங்களை ஒப்பிட்டு, பொது மூதாதையைத் தேடுகிறார்கள். ஒரு மூதாதையும் அதன் வாரிசுகள் அத்தனையும் சேர்ந்தால்தான் ஒரு குழு, அதற்கு ஒரு பெயர். அந்தக் கணக்கில் டைரனோசருக்கு, அதேபோலப் பூதமாக நிற்கும் அல்லோசரைவிடச் சிட்டுக்குருவிதான் நெருங்கிய சொந்தம். கோழியும் அந்த வகையறாவே.

"அப்போ நேத்து நாம சாப்பிட்டது டைனோசர் பெரட்டலா?" என்றாள் நிலா.

காவலுக்கு நின்ற அண்ணன் சிரித்துவிட்டார். "ஆமாலா தங்கச்சி. டைரனோசர்கிட்ட நீ மாட்டலைன்னு சந்தோஷப்படு."

கடைசி அறையில் சுவர் முழுக்க வம்சமரம். அங்கே பிள்ளை சட்டென்று நின்றுவிட்டாள்.

"அம்மா, இந்த மரத்துல வாரிசு மட்டும்தான் வர முடியும். அப்போ நம்ம வீட்டு மரத்துல நான் இல்லியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு சொன்னேன்:

"இதுங்க செத்துக் கோடிக்கணக்கான வருஷமாச்சு. யாரு யாரை அம்மான்னு கூப்பிட்டுச்சுன்னு இப்போ கேக்க முடியாதுலா. அதான் எலும்பைப் பாக்குறாங்க. நீ வாயைத் தொறந்து என்னைக் கூப்பிடுற. நம்ம வீட்டுல அதுதான் கணக்கு."

அவள் மறுபடியும் அந்த மரத்தைப் பார்த்தாள். அந்தப் பதில் அவளுக்குப் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை.

போகிறவர்கள் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள், பிறகு கூட்டம் நெரியும். குளிர்சாதனம் கடுமை, பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். தத்துப் பிள்ளையோடு போகிறவர்கள் கடைசி அறைக்கு முன்பே பதிலை யோசித்து வையுங்கள்.

திரும்பும்போது ஃபெரித் துறையில் ஒரே நெரிசல், அவள் கை நழுவிவிட்டது. "அம்மா!" என்று ஒரு கத்தல். நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை, நேராக என்னிடம் ஓடி வந்தாள்.