மாமா சொன்ன கதையும் அத்தை சொன்ன கதையும்

இதை வெளியே சொல்லக் கூடாது என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள். படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவள் எழுதினால் பிழை வரும், ஆளுக்கு ஆள் கேள்வி கேட்பார்கள் என்று எனக்கும் பயம்தான். பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். ஆனாலும் எழுதுவேன்.

சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டமொன்றில் அப்பா வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தார். அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, பட்டணத்தில் மூடிப்போன தியேட்டரிலிருந்து படம் காட்டும் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி வந்திருந்தார். அதோடு கிடைத்தது ஒரே ஒரு படச்சுருள். பத்து நிமிடம் ஓடும் வெள்ளைக்காரக் காதல் படம். பேச்சும் கிடையாது, பாட்டும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தோட்டத்து மண்டபத்து ஜன்னல்களில் உரச்சாக்கைக் கட்டி இருட்டாக்கி, மைக்கில் கதை சொல்லிக்கொண்டே அதைக் காட்டுவார்.

பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் உட்காரும் மண்டபத்தில், திரையில் இருவர் கட்டிப்பிடித்தால் என்ன சொல்வது? கப்பலில் காணாமல் போன அண்ணன் திரும்பி வந்துவிட்டான் என்பார் மாமா. தங்கச்சி ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள். நடுவில் வந்து கையை ஓங்கும் தாடிக்காரத் தகப்பன் ஆனந்தத்தில் கை ஆட்டுகிறார் என்பார். கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எந்த வீட்டு அண்ணன் தங்கச்சி வாயில் முத்தம் கொடுத்துக்கொள்ளும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

எனக்கு எட்டு வயதான வருடம் அப்பா தன் தங்கையை, அதாவது என் அத்தையை, மாமாவுக்கே கொடுப்பதென்று முடிவு செய்திருந்தார். பெண் எடுத்த வீட்டுக்குப் பெண் கொடுக்கும் முறை. அத்தைக்கோ லூனாஸில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் ஒருவரைப் பிடித்திருந்தது. அதை அப்பாவிடம் மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் அப்பா, "சாப்பாட்ட போடு" என்றார்.

பரிசம் போட நாள் குறித்த பிறகு வந்த ஞாயிறு. "இதோ, காணாம போன அண்ணன்..." என்று மாமா தொடங்கியதும், அத்தை எழுந்துபோய் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணனும் இல்ல, ஒன்னும் இல்ல. அது அவ கட்டிக்கப் போற ஆளு."

ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. "அப்படிச் சொல்லு லா அக்கா! நாங்க எத்தன வாட்டி ஏமாறுறது?"

திரையில் தகப்பன் கையை ஓங்கினார். அந்தப் பெண்ணின் வாய் அசைந்தது. அத்தை பேசினாள்: "அண்ணே, மூனு தடவ சொல்லிட்டேன். நீங்க காதுல வாங்கல. இப்ப தோட்டமே கேக்கட்டும். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

திரையில் இருந்தவர் தகப்பன். அத்தை சொன்னது 'அண்ணே'. மண்டபமே அப்பாவைத் திரும்பிப் பார்த்தது.

"ஏய், பிளக்க புடுங்கு!" என்று அப்பா என்னைப் பார்த்துக் கத்தினார். பிளக் என் பக்கத்துச் சுவரில்தான் இருந்தது. அப்பா சொல்லி நான் செய்யாதது எதுவும் அதுவரை இல்லை. அடி விழும் என்று தெரியும். ஆனாலும் பிளக்கை முதுகால் மறைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குள் சுருள் தீர்ந்து திரை வெள்ளையானது. "முடிஞ்சிதுல்ல? வீட்டுக்கு நட" என்றார் அப்பா.

மாமா யாரையும் பார்க்காமல் சுருளைத் திரும்பச் சுற்றினார். அவர் சுற்றி முடிக்கும்வரை ஒருவரும் எழவில்லை. "உக்காருங்க மச்சான், இன்னொரு வாட்டி ஓடும்" என்றார். மைக்கை அத்தையிடமே விட்டுவிட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். அத்தை முதலிலிருந்து முழுக்கதையும் சொன்னாள்.

அவள் லூனாஸ்காரரைத்தான் கட்டினாள்.

படம் காட்டிய அந்த ஞாயிறு சாயங்காலம் மாமாவின் கண்கள் சிவந்திருந்தன. கேட்டதற்குச் சளி என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. ஓடிப்போய்த் தைலத்தை எடுத்து வந்து அவர் நெற்றியில் தேய்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தைலம் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். "இன்னும் கொஞ்சம் தேய்" என்றார் மாமா.