அம்மிக்கல்லைத் தொட்டு நின்ற கார்

போன வாரம் வானகரத்தில் ஒரு டயர் கடையில் காரை விட்டுவிட்டு, புது ரப்பர் வாசனைக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சக்கரங்களில் ஏதேதோ மாட்டிக் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்த கடைக்காரர், "நாலு டயரும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கு மேடம். வண்டிய சூப்பரா வெச்சினு கீறீங்க" என்றார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். இந்த வயதில் பெண்களுக்குக் கொலஸ்டிரால் குறைந்தால்தான் இவ்வளவு மகிழ்ச்சி வரும். ஆனால் டயர் தேய்மானத்துக்காக நானும் என் கணவரும் போட்ட சண்டை, தொண்ணூறுகளில் ஆவடி சேக்காட்டுப் பக்கம் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதற்கும் தெரியும்.

அவருக்கு ராணுவத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் செக்ஷன். எதையும் அளந்து பார்த்துக் குறை கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம்; மாலையில் வீட்டுக்கு வந்தும் ஓவர்டைம் பார்ப்பார். என் ரசம்கூட அதற்குத் தப்பாது. திருநெல்வேலிக்காரர் வேறு, குறையைக்கூட இழுத்து இனிமையாகச் சொல்வார்.

அவர் ஒரு பழைய அம்பாசிடர் வாங்கினார். தொழிற்சாலை சைக்கிள் மிதிக்கிற தூரம்தான், ஆனாலும் காரில்தான் போவார். சனிக்கிழமை அவருக்கு விடுமுறை, எனக்குப் பள்ளிக்கூடம் உண்டு. அன்று மட்டும் ஆணியில் தொங்கும் சாவி என் கைக்கு வரும். பூந்தமல்லி பள்ளியில் நான் கணக்கு டீச்சர். மற்ற நாளெல்லாம் பஸ்ஸில் பிதுங்கிப் போகிறவள், சனிக்கிழமை காரிலிருந்து இறங்கும்போது வாட்ச்மேன் எழுந்து நிற்பார். அந்த ஒரு நாளுக்காகவே நான் வாரம் முழுக்க ரசத்தை ஒழுங்காக வைத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

எங்கள் வீட்டு வாசல் சாக்கடையை நோக்கிச் சரிவாக இருக்கும். வண்டியின் ஹேண்ட் பிரேக்கை நம்பி விட முடியாது. மிக்சி வந்ததும் வேலையிழந்து கிடந்த அம்மியைத் தூக்கி வந்து, இடது முன்சக்கரத்துக்கு அணையாக அவர் போட்டார். மாலையில் வண்டி சரிவில் உருண்டு வந்து அம்மியில் 'டொக்' என்று நிற்கும். அந்தச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் டி.வி.யை அணைப்பார்கள், நான் காப்பிக்குப் பால் வைப்பேன். கல்யாணத்தில் அம்மி மிதித்தது நான் ஒரே ஒரு தடவைதான். அவருடைய கார் தினமும் மிதித்தது. சனிக்கிழமை நான் திரும்பி வந்தால் வேப்பமரத்தடிச் சமதளத்தில் விட்டுவிடுவேன். சரிவில் இறக்க எனக்குப் பயம்.

ஒரு நாள் காலையில் கோலம் போடக் குனிந்தேன். எதிரே காரின் முகம். இடது டயரின் உள்விளிம்பு சப்பாத்திக் கல் மாதிரி வழுவழுவென்று இருந்தது, வெளிப்பக்கத்துப் பள்ளங்கள் அப்படியே புதுசாக. நின்றுகொண்டு பார்த்தால் தெரியவே தெரியாது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஏட்டி, சனிக்கிழமை நீ வண்டிய வளைக்க வளைப்புல பின்ன என்ன ஆகும்?" என்றார்.

அம்பத்தூரில் டயர் கடைக்காரர் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "ஒரு பக்கமா அறுத்துகினு போயிருக்கு. சக்கரம் கோணிகினு கீது. எங்கனா இடிச்சிகினீங்களா சார்?" என்று கேட்டார்.

"இடிக்கிறதா? நானா?" என்று இவர் மார்பைத் தொட்டார். நானும் இல்லையென்று தலையாட்டினேன். இரண்டு பேரும் சத்தியமாகத்தான் சொன்னோம்.

சக்கரத்தை நேராக்கிப் புது டயர் போட்டோம். சனிக்கிழமைச் சாவி ரத்தானது. எலுமிச்சம்பழம் நசுக்கினோம், பம்ப்பரில் கண்திருஷ்டிக் கயிறு கட்டினோம், வாராவாரம் காற்று பார்த்தோம். நான் பஸ்ஸில் பிதுங்கினேன். வாட்ச்மேன், "இன்னா டீச்சர், வண்டிய வித்துட்டீங்களா?" என்று கேட்டபோது அழுகையே வந்துவிட்டது. சில மாதம் கழித்து, நான் ஸ்டியரிங்கைத் தொடாத அந்தக் காலத்திலேயே, அந்தப் புது டயரும் அதே பக்கம் தேய்ந்தது. கோலமாவோடு நான் வாசலில் நின்று சிரித்ததைப் பக்கத்து வீட்டில் இன்றைக்கும் மறந்திருக்க மாட்டார்கள்.

மறுபடி அம்பத்தூர். சக்கரத்தை நேராக்கினார்கள். திரும்பும்போது வண்டி கோடு போட்ட மாதிரி வந்தது. இவர் உற்சாகத்தில் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் காட்டினார். வாசலில் பெருமையோடு சரிவில் இறக்கினார். அம்மியில் டொக்!

மறுநாள் இருவரும் கிளம்பினால் வண்டி லேசாக இடது பக்கம் இழுத்தது.

"ஏங்க, நேத்து நேராத்தானே வந்துது? வாசல்ல நின்ன வண்டி எப்படிங்க கோணும்?" என்றேன்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். இறங்கி அம்மியைப் பார்த்தார். அதன் விளிம்பில் கறுப்பாக ரப்பர் தடம். குந்தி உட்கார்ந்து அதை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நான் எங்கட்டி இடிச்சேன்? தொட்டுத்தானே நிறுத்துனேன்" என்றார், இன்ஸ்பெக்ஷன் செக்ஷன்.

மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். சாவி ஆணியில் தொங்கியது. நான் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அந்த வண்டி என்னுடையது.

அம்மி முருங்கை மரத்தடிக்குப் போயிற்று. டொக் சத்தம் இல்லாமல் அப்பா வந்து நிற்பதால் பிள்ளைகள் டி.வி.யோடு மாட்டிக்கொண்டார்கள். நான் பள்ளியிலிருந்து வந்ததும் இவர் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து, நான்கு டயரின் உள்பக்கமும் கைவிட்டுத் தடவி, "ம்" என்பார். அவ்வளவுதான். ரசத்துக்குக்கூடக் கிடைக்காத "ம்" அது. அதற்காகவே குழி பார்த்து ஓட்டினேன், காற்று பார்த்தேன், முன்டயரையும் பின்டயரையும் காலத்தில் மாற்றிப் போட்டேன்.

அந்த அம்பாசிடர் யாரிடமோ போய்விட்டது. குவார்ட்டர்ஸ் வரிசையை இடித்துவிட்டார்களாம். முருங்கையும் அம்மியும் என்னவாயின என்று தெரியாது. அவரும் போய்விட்டார்.

வானகரத்திலிருந்து காட்டுப்பாக்கம் ஃபிளாட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். சுவருக்கு நெடுந்தூரம் முன்பே அது பீப் பீப் என்று கத்தி நிறுத்திவிட்டது. இறங்கி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, இடது டயரின் உள்பக்கம் கைவிட்டுத் தடவினேன். "ம்" என்று நானே சொல்லிப் பார்த்தேன். அவர் சொல்கிற மாதிரி வரவில்லை.