அக்கா வீட்டுக்கு எவ்வளவு வரி?

முப்பத்துநான்கு வருஷம் விழுப்புரத்தில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸாக வேலை பார்த்தேன். அத்தனை வருஷத்தில் ஒரு டாக்டராலும் வாய்ப்பேச்சாகச் சொல்லி என்னை ஊசி போடவைக்க முடிந்ததில்லை. "சிஸ்டர், அதைப் போட்டுடுங்க" என்று வராந்தாவில் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போவார்கள். நான் கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவேன். "எழுதிக் குடுங்க சார்." சிலர் சிரிப்பார்கள், சிலர் முறைப்பார்கள். முறைத்தவர்களும் எழுதினார்கள். இதற்காக வார்டில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை இங்கே சொல்ல மாட்டேன், அவ்வளவு மரியாதையான பெயர் இல்லை.

அப்பேர்ப்பட்ட நான், ரிட்டயரான பிறகு ஒரு முழு வீட்டை வெறும் வாய்ப்பேச்சை நம்பித் தூக்கிக் கொடுக்கப் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

அது என் அக்காவின் வீடு. திண்டிவனத்தில் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, தெருப்பக்கம் தையல்காரருக்கு வாடகைக்கு விட்ட ஒரு கடை. அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிடித்து அந்த வீட்டைக் கட்டினாள். என் கதை வேறு. பிறந்தது அப்பா வீடு, வாழப்போனது மாமனார் வீடு, வேலைக்காலம் முழுக்க குவார்ட்டர்ஸ். கணவர் போன பிறகு விழுப்புரத்திலேயே கீழ்ப்பெரும்பாக்கத்தில் ஒரு மாடி போர்ஷன். அங்கே வீட்டுக்காரம்மா நான் எத்தனை பக்கெட் தண்ணீர் பிடிக்கிறேன் என்று கீழே நின்று எண்ணுவாள். அறுபத்திரண்டு வயதுவரை "என் வீடு" என்று நான் சொன்னதே கிடையாது. வேறு யாருக்கும் அது ஒரு குறையாகத் தோன்றியதில்லை. அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது.

கார்த்திகை மாதம் அக்கா போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பீரோவைத் திறந்தபோது பதிவு செய்த உயில் இருந்தது. வீடும் பேங்க் டெபாசிட்டும் எனக்கு. கிளியனூரில் பயிர் வைக்கும் எங்கள் தம்பிக்கு அதில் எதுவும் இல்லை. அப்பாவின் நிலம் முழுவதையும் நானும் அக்காவும் எப்போதோ அவனுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தோம். தம்பி உயிலை இரண்டு தரம் படித்தான். கோபப்படவில்லை. உச்சுக்கொட்டினான்.

"பாவம்கா நீ. உன் பேருக்கு வந்தா மூணுல ஒரு பங்கு வரியிலயே பூடும். நீ பென்ஷன் வாங்குறவ, உன் பான் கார்டத் தட்னாலே எல்லாம் தெரிஞ்சிடும். விவசாயிக்குதான் வரி இல்லியே. என் பேருக்கு எழுதி வெச்சிடு. நீ இருக்கிற மட்டும் அதுலயே இருந்துக்கோ, உன்ன யாரு கேக்கப்போறாங்க?"

விவசாயியின் பெயர் என்பது எங்கள் பக்கத்தில் கொசுவலை மாதிரி. அதற்குள் புகுந்துவிட்டால் எதுவும் கடிக்காது என்று ஒரு நம்பிக்கை. வாத்தியார் வாங்கிய மனை, வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய பணம், எல்லாம் ஊரில் ஏர் வைத்திருக்கும் யாராவது ஒரு பங்காளியின் பெயரில்தான் தூங்கும். தம்பி என்னை ஏமாற்றினான் என்று சொல்ல மாட்டேன். அவன் சொன்னதை அவன் முழுசாக நம்பினான். அந்த வீட்டின்மேல் அவனுக்கு ஆசையும் இருந்தது. இரண்டும் ஒரே மனசில் இருக்க முடியும் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. வரி கட்டக் கையில் பணம் கிடையாது. பென்ஷனில் கைவைப்பார்களோ? நோட்டீஸ் வருமோ? தபால்காரரைக் கண்டாலே கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மாசி மாதம் ஒரு நாள், சரி, எழுதித் தொலைக்கிறேன் என்று தம்பிக்குச் சொல்லிவிட்டேன்.

திண்டிவனத்தில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திர எழுத்தரின் கடை. தம்பி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான், சர்க்கரை கம்மியாக. என் சுகர் அவனுக்கு ஞாபகம் இருந்தது. பத்திர எழுத்தர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவைத்துக்கொண்டு படித்தார். "முழு மனதுடனும், நல்ல நினைவுடனும், பிறர் தூண்டுதல் ஏதுமின்றியும்..." அவர் பேனாவையே வாங்கிக் கையெழுத்துக்குக் குனிந்தேன். 'பிறர் தூண்டுதல் ஏதுமின்றி' என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. அடப்பாவிகளா, தூண்டுதல் தவிர இதில் வேறு என்ன இருக்கிறது?

"எவ்ளோ வரின்னு சொன்ன?" என்று தம்பியைக் கேட்டேன்.

"மூணுல ஒரு பங்குக்கா."

"யாரு சொன்னா?"

"ரைஸ்மில்காரரு."

"அவருக்கு யாரு சொன்னா?"

"ஐயே, எல்லாரும் சொல்றதுதான்கா. பைபாஸ் ஓரத்து நெலத்த ரெண்டு வருசம் முன்ன வித்தேனே, எனக்கு யார்னா வரி கேட்டாங்களா? விவசாயின்னா கிட்டயே வர மாட்டாங்க. ஜல்தி போடுக்கா, டோக்கன் வாங்கியாச்சு."

நான் பத்திர எழுத்தர் பக்கம் திரும்பினேன். "ஐயா, இந்த வூடு உயில்ல எனக்கு வந்ததுக்கு இவ்ளோ வரின்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நானும் இதுல போட்டுடறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நான் பத்திரம் எழுதுறவன். அதெல்லாம் ஆடிட்டரக் கேக்கணும்."

"அப்ப இத்தினி நேரம் இவன் சொல்றதுக்கெல்லாம் தலைய ஆட்டிக்கினு இருந்தீங்களே, அது இன்னாத்துக்கு?"

அவர் ரோட்டைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தேன். அவனும் ரைஸ்மில்காரர் வருவாரோ என்பதுபோல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுதிக் கொடுக்க ஒருத்தரும் இல்லாத வரிக்குப் பயந்தா மூன்று மாசம் சோறு இறங்காமல் கிடந்தேன்! பேனாவை மூடினேன், பையை எடுத்தேன், எழுந்துவிட்டேன். "அக்கா! டோக்கன்கா!" என்று பின்னால் கத்தினான். விழுப்புரம் பஸ்ஸில் ஏறி டிக்கெட்டுக்குச் சில்லறை தேடும்போதுதான் பத்திர எழுத்தரின் பேனா என் பையில் இருப்பதைப் பார்த்தேன்.

மறுநாள் காலையிலேயே ஒரு ஆடிட்டர் ஆபீஸ் வாசலில் நின்றேன். அவர் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை, வறுத்ததை, தோல் ஊதித் தின்றுகொண்டே உயிலைப் புரட்டினார்.

"யாரு இவங்க?"

"கூடப் பொறந்த அக்கா."

"வரி கிடையாது."

"எவ்ளோ குறையும் சார்?"

"குறையறது இல்லம்மா. கிடையவே கிடையாது. வீடு வந்ததுக்கும் இல்ல, டெபாசிட் பணம் வந்ததுக்கும் இல்ல. இனிமே அதுல இருந்து வர்றதுதான் உங்க வருமானம். கடை வாடகை, பேங்க் வட்டி. அதை உங்க பென்ஷனோட சேர்த்து ரிட்டர்ன்ல காட்டணும். என்னைக்காவது வீட்ட வித்தா, அப்ப வாங்க, அது வேற கணக்கு."

"எழுதிக் குடுங்க சார்" என்று பேனாவை நீட்டினேன். ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். லெட்டர்பேடில் நான்கு வாக்கியம் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினார். அப்புறம் ஒன்று கேட்டார்.

"உங்க அக்காவுக்கு இந்த வருஷ ரிட்டர்ன் யார் போடப்போறா?"

"செத்தவங்களுமா சார் கணக்கு காட்டணும்?"

"சாகிற நாள் வரைக்கும் வந்த வருமானம் அவங்களோடதுதானே? ஏப்ரல்லேருந்து அன்னைக்கு வரைக்கும் அவங்க பேர்ல. அதுக்கப்புறம் உங்க பேர்ல. நீங்க வாரிசுன்னு பதிவு பண்ணிட்டு ரெண்டையும் போடணும்."

இது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. காலை டூட்டிக்காரி எழுதி வைத்துவிட்டுப் போனதைப் பார்த்து மத்தியான டூட்டிக்காரி தொடருவதில்லையா? இரண்டு ஃபைல் வாங்கினேன். அக்காவுக்குப் பச்சை, எனக்குச் சிவப்பு. பேங்க் பாஸ்புக்கில் அவள் போன தேதிக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். தையல்காரர் கொடுத்த வாடகையும் டெபாசிட் வட்டியும் கோட்டுக்கு மேலே இருந்தால் பச்சை, கீழே இருந்தால் சிவப்பு. இறப்புச் சான்றிதழ், உயில், இரண்டு பேருடைய பான் கார்டு, எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து நானே சரிபார்த்து ஏற்றச் சொன்னேன். நான் வாரிசு என்று ஒப்புதல் வந்தது. அக்காவின் ரிட்டர்னைத் திறந்தால் மேலே அவள் பெயர், அடியில் சட்டப்பூர்வ வாரிசு என்று என் பெயர். அழுகை வந்துவிட்டது. சென்டர் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள். கடைசி நாளான ஜூலை முப்பத்தொன்றுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போதே இரண்டு ரிட்டர்னும் உள்ளே போய்விட்டன.

ஆவணியில் ஒரு நாள் கத்தரிக்காய் பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன், போனில் மெசேஜ். அக்காவின் வட்டியில் பேங்க் கூடுதலாகப் பிடித்திருந்த வரி, வாரிசான என் கணக்குக்குத் திரும்பி வந்துவிட்டது! மூன்றில் ஒரு பங்கைப் பிடுங்குவார்கள் என்று பயமுறுத்தினார்களே, பிடுங்கவில்லை, திருப்பிக் கொடுத்தார்கள். மார்க்கெட் நடுவில் நின்று "ஆஹா!" என்று கத்திவிட்டேன். காய்க்காரம்மா விலையைத்தான் மெச்சுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இரண்டு கத்தரிக்காயைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளட்டும். அந்தப் பணத்தில் அக்கா வீட்டுக்கு வெள்ளையடித்தேன். கேட்டுக்கு அவளுக்குப் பிடித்த பச்சை பெயின்ட். தை பிறந்ததும் கீழ்ப்பெரும்பாக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் பக்கெட்டையும் சாவியையும் சேர்த்தே கொடுத்துவிட்டுத் திண்டிவனம் வந்து சேர்ந்தேன். அப்போதும் யாராவது கேட்டால் "அக்கா வூட்டுல இருக்கேன்" என்றுதான் வாயில் வந்தது.

மாசி மாதத்துக்குப் பிறகு தம்பி என்னோடு பேசவே இல்லை. ஒரு வருஷம் கழித்துப் போன மாசம் கூப்பிட்டான். குரலில் சுரத்தே இல்லை.

"அக்கா, எனக்கு ஒரு கடுதாசி வந்துகீது. வருமானவரியாம். பைபாஸ் ஓரத்து நெலம் டவுனுக்குக் கிட்ட இருக்குறதால விவசாய நெலம்னு வுட மாட்டாங்களாம், அத்த வித்ததுக்குக் கணக்கு காட்டலியாம். ஒரே பேஜாரா கீதுக்கா."

"விவசாயி கிட்டயே வர மாட்டாங்கன்னியே?"

சிரிப்பு எனக்குத் தொண்டைவரை வந்தது. அவன் மூச்சு விடுவது கேட்டதும் அடங்கிவிட்டது. சர்க்கரை கம்மியாக டீ வாங்கித் தந்தவன்தானே.

"ரைஸ்மில்காரரு இன்னா சொல்றாரு?" என்று மட்டும் கேட்டேன்.

"போன எடுக்க மாட்றாருக்கா."

"சரி, பயப்படாத. கட்ட வேண்டியது எவ்ளோன்னு எழுதி வாங்குவோம். அப்பாவோட பத்திரம், நீ வித்த பத்திரம், பேங்க் புக்கு, வந்த கடுதாசி, எல்லாத்தையும் எடுத்துக்கினு கெளம்பு. என்கிட்ட பேனா இருக்குது."

"எங்கக்கா வரணும்? விழுப்புரத்துக்கா?"

"விழுப்புரத்துல எனக்கு இன்னா இருக்குது? திண்டிவனத்துக்கு வாடா. என் வூட்டுக்கு வா."