செஞ்சிப் பாறையடியில் ஒரு கரி அடுப்பு

காணும் பொங்கல் அன்று காலை ஐந்தே காலுக்கு மரக்காணத்தில் பஸ் ஏறினேன். கையில் இரும்பு அடுப்பு. ஒரு மூட்டையில் கரி, இன்னொரு மூட்டையில் நூற்றிருபது சோளக்கதிர். தோள்பையில் உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சம்பழம், ஓலை விசிறி. கண்டக்டர் கரி மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"எங்க போவுது இது?"

"செஞ்சிக்கு."

"இவ்ளோ கரியா? கோட்டையை கொளுத்தப் போறியா நைனா?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் பேசினால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாவது வரைதான் படித்தேன். அந்த ஐந்து வருஷமும் வாத்தியார் எழுப்பிவிட்டால் தெரிந்த பாடம்கூட வராது. நாற்பத்தெட்டு வயதாகியும் அது மாறவில்லை. கடற்கரையில் சோளம் சுட்டு விற்பதற்கு அதிகம் பேச வேண்டியதில்லை. வாசனையே ஆளைக் கூட்டி வந்துவிடும்.

இந்த வருஷம் அன்று ஒரு நாள் மட்டும் கடற்கரையில் ஆட்கள் இறங்கக் கூடாது என்று கட்டுப்பாடு. காணும் பொங்கல் வியாபாரம் போச்சே என்று உட்கார்ந்திருந்தபோது என் மனைவியின் தம்பி ஏழுமலை போன் செய்தான். அவன் செஞ்சியில் ஆட்டோ ஓட்டுகிறான். அன்றைக்குக் கோட்டை பார்க்க ஜனம் குவியும், இடம் பிடித்துத் தருகிறேன், வா என்றான். அப்படித்தான் கிளம்பினேன்.

ஆறு இருபதுக்குத் திண்டிவனம். பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ. அங்கிருந்து செஞ்சி இருபத்தெட்டு கிலோமீட்டர். பஸ் கிளம்பிய முக்கால் மணி நேரத்தில் மலைகள் தெரிந்தன. மண்ணும் மரமுமான மலை இல்லை. அடுப்பில் கரி அடுக்குகிற மாதிரி, பாறை மேல் பாறையாக, இடுக்கில் காற்று போகும்படி அடுக்கி வைத்தது போல இருந்தது. அவற்றில் உயரமான ஒன்றின் உச்சியில் சின்னதாகக் கட்டடம் தெரிந்தது. அதுதான் ராஜகிரி என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். தலையை ஆட்டினேன்.

ஏழரைக்கு பஸ் ஸ்டாண்டில் ஏழுமலை நின்றிருந்தான். மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றித் திருவண்ணாமலை சாலையில் கூட்டிப்போனான். கோட்டை மதிலுக்கு வெளியே, சாலையிலிருந்து ஐம்பது அடி உள்ளே ஒரு தனிப் பாறை. இரண்டு பனைமர உயரம் இருக்கும். மேல் பாகம் முன்னால் துருத்திக்கொண்டு குடை பிடித்தது போல நின்றது. அடியில் நல்ல நிழல்.

"மாமா, இந்த இடத்துக்கு நேத்தே வந்து கல்லு வெச்சுட்டுப் போனேன். நிழலு பாரு. கோட்டை ஏறி எறங்குற ஜனம் அத்தனையும் இங்கதான் வந்து குந்தும்," என்றான். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுச் சவாரிக்குப் போய்விட்டான்.

எட்டரைக்கு அடுப்பு மூட்டினேன். அவன் சொன்னது பொய்யில்லை. ஒன்பதரைக்குள் பாறை நிழலில் பெட்ஷீட் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்துவிட்டார்கள். தூக்குச் சட்டியில் புளிசோறு, வடை, முறுக்கு. சுற்றிலும் கடைகள்: பஞ்சுமிட்டாய், டெல்லி அப்பளம், மிளகாய்த்தூள் தூவிய அன்னாசி இருபது ரூபாய், குச்சி ஐஸ் பத்து ரூபாய். ஜவ்வுமிட்டாய்க்காரர் குழந்தைகளின் மணிக்கட்டில் மிட்டாயை இழுத்துக் கடிகாரம் கட்டிக்கொண்டிருந்தார். என் சோளம் முப்பது ரூபாய். பத்து மணிக்குள் இருபது கதிர் போய்விட்டது. இதுவரை நல்ல நாள்தான்.

எனக்குப் பக்கத்தில் காசி என்ற பெரியவர் கரும்பு ஜூஸ் மிஷின் போட்டிருந்தார். பத்து மணிக்கு மேல் அவருடைய கரும்புச் சக்கைக் குவியலில் ஒரு பூச்சி உட்காருவதைப் பார்த்தேன். பிறகு நான்கைந்து. தேனீதான். ஆனால் வீட்டுப் பக்கம் வருகிற தேனீ போல இரண்டு பங்கு நீளம். வயிறு பாதி மஞ்சள், பாதி கறுப்பு. கையில் இருந்த விசிறி நின்றுவிட்டது.

நான் ஏன் பயந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு தேனீ கழுத்தில் கொட்டியது. பத்து நிமிஷத்தில் கண் வீங்கி மூடிக்கொண்டது, தொண்டை அடைத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். "இன்னொரு தடவை கொட்டினால் இவ்வளவு நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம்" என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து சட்டைப்பையில் நாலு மாத்திரை வைத்திருக்கிறேன். அதை விழுங்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஓடுவதற்குச் செஞ்சியில் எனக்கு வழி தெரியாது.

ஒரு தேனீ சக்கையிலிருந்து எழும்பியது. எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்தேன். நேராக மேலே போனது. பாறை துருத்திய இடத்தின் அடிப்பக்கத்தில் நீளமாகக் கறுப்புக் கறைகள் இருந்தன. காலையில் மழைத்தண்ணீர் வடிந்த தடம் என்று நினைத்திருந்தேன். அது கறை இல்லை. அடைகள். முறம் அகலத்துக்கு ஒவ்வொன்றும். எண்ணினேன், பதினொன்று. அடையே தெரியாமல் மேலெல்லாம் தேனீ மொய்த்திருந்தது.

காசியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அதுவா? அது எப்பவும் இருக்குது. வருசா வருசம் நானும் இங்கதான் கடை போடுறேன். நாம சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும்."

"பொகை பட்டா?"

அவர் மிஷினை நிறுத்திவிட்டு என் அடுப்பைப் பார்த்தார். "வருசா வருசம் இங்க யாரும் அடுப்பு வெக்க மாட்டாங்களே," என்றார்.

ஏழுமலைக்கு அது தெரிந்திருக்கவில்லை. அந்த நல்ல நிழல் அவன் கல் வைக்கும்வரை அடுப்பு இல்லாமல் காலியாகக் கிடந்ததற்குக் காரணம் இருந்திருக்கிறது.

காற்றைப் பார்த்தேன். கடற்கரையில் இருபது வருஷம் அடுப்பு வைத்தவனுக்கு அது பழக்கம். நல்ல வேளை, பாறையிலிருந்து சாலைப் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. என் புகை மேலே போகவில்லை. உடனே அடுப்பின் மேல் தட்டைக் கவிழ்த்து, ஓரமெல்லாம் மண் அணைத்துத் தீயை அடக்கினேன். நூறு பச்சைக் கதிரோடு உட்கார்ந்திருந்தேன். மூட்டைகளை விட்டுவிட்டுச் சாலைக்குப் போய்விடலாம் என்றும் நினைத்தேன். எழுந்தும் நின்றேன். எதிரே ஒரு பெண் மடியில் கைக்குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

பதினொன்றரைக்கு ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பக்கத்து ஊரான அனந்தபுரத்திலிருந்து குமுதா என்ற அம்மாவும் அவள் கணவரும் இறங்கினார்கள். நீளவாக்கில் பாதியாக அறுத்த தகர டிரம், கம்பி வலை, மசாலா தடவிய கோழி இரண்டு டப்பா. எனக்கு எட்டடி தள்ளி டிரம்மை வைத்துக் கரி கொட்டினார்கள். நான் அடுப்பு வைத்திருப்பதைப் பார்த்து, இங்கே அடுப்பு வைக்கலாம் போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

"இன்னாண்ணா, அடுப்பு மேல தட்டு கவுத்து வெச்சிருக்கிற? சோளத்துக்கு குளிர் ஜுரமா?" என்று குமுதா கேட்டாள்.

"மேல..." என்றேன்.

"மேல இன்னா?"

கோழிக்குக் காத்திருந்த நாலு பையன்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாய் ஒட்டிக்கொண்டது.

"ஒண்ணுமில்ல."

அந்த ஒண்ணுமில்லைக்காக இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

கோழியின் கொழுப்பு கரியில் சொட்டும்போது வருகிற புகை, சோளப் புகை மாதிரி இருக்காது. கனமாக, வெள்ளையாக, சுருண்டு எழும். ஒரு மணி நேரம் அது சாலைப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. நான் மேலேயும் அந்தப் புகையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து வலித்தது. பன்னிரண்டே முக்காலுக்குப் பஞ்சுமிட்டாய்க் கம்பில் ஆடிக்கொண்டிருந்த பைகள் அசையாமல் நின்றன. காற்று விழுந்துவிட்டது. புகை நிமிர்ந்து, பாறையை ஒட்டி நேராக ஏறியது.

முதல் அடையின் மேல் ஒரு மினுமினுப்பு ஓடியது, நெல் வயலில் காற்று போவது போல. அடுத்த அடைக்கும் அது தாவியது. தேனீக்கள் எல்லாம் ஒன்றாக வயிற்றைத் தூக்கி அடிக்கின்றன. எச்சரிக்கை கொடுக்கின்றன என்று எனக்குப் புரிந்தது. எழுந்து குமுதா கடைக்குப் போனேன்.

"அம்மா, அடுப்பை மூடுங்க."

"இன்னாது?"

"மேல தேனடை. பொகை அங்கதான் போவுது."

"உனுக்கு வியாபாரம் ஆவலைன்னா என் அடுப்பை மூட சொல்லுவியா? வந்ததுலேந்து என் டிரம்மையே மொறைச்சுகினு இருக்கறத நானும் பார்த்துகினுதான் இருக்கேன்."

பையன்கள் சிரித்தார்கள். நான் நகரவில்லை.

"நான் ஒருவாட்டி தேனீ கொட்டி செத்துப் பொழச்சவன்மா. ஒரு தடவை மேல பார்த்துட்டு அப்புறம் திட்டுங்க."

அவள் பார்த்தாள். கையில் இருந்த இடுக்கி அப்படியே நின்றது. அப்போது சத்தமும் கேட்கத் தொடங்கியிருந்தது. தூரத்தில் மோட்டார் ஓடுவது போல. அவள் காலடியில் இருந்த தண்ணீர்ப் பக்கெட்டைத் தூக்கினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அறியாத பெண்ணின் கையை வாழ்க்கையில் அதற்கு முன் தொட்டதில்லை.

"ஊத்தாதீங்க. எரியுற கரில தண்ணி ஊத்துனா பொகையும் ஆவியும் ஒரேயடியா மேல கிளம்பும்."

கரி அடுப்பு வைத்தவளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கணவரும் அவளும் கோழியைக் கம்பி வலையோடு தூக்கிக் கீழே வைத்தார்கள். காற்றுக்கு மறைப்பாக வைத்திருந்த தகரத்தை டிரம் மேல் போட்டோம். என் சாக்கை அந்தப் பக்கெட்டில் முக்கி மேலே விரித்து, ஓரத்தை மண்ணால் அடைத்தோம். தகரம் என் உள்ளங்கையைச் சுட்டது அப்போது தெரியவில்லை. புகை மெலிந்து நின்றது. ஆனால் மேலே சத்தம் நிற்கவில்லை. தேனீக்கள் அடையை விட்டு இறங்கி, தலைக்கு மேல் வட்டம் போடத் தொடங்கின.

"ஜனத்தை எழுப்பணும்," என்றேன்.

குமுதா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். "என் தொண்டைக்கு கத்தத்தான் தெரியும்ணா. கத்துனா எல்லாம் ஓடும். நீ போய் சொல்லு."

பதின்மூன்று பெட்ஷீட். ஒவ்வொன்றாகப் போய்க் குனிந்து சொன்னேன். "தேனீ கலைஞ்சிருக்குது. மெதுவா எழுந்து ரோட்டுக்குப் போங்க. ஓடாதீங்க. கையை வீசாதீங்க." எனக்கு எப்போதும் இருக்கிற சன்னக் குரல்தான். ஒருவர் வடையை மென்றுகொண்டே, "நீ யாரு, ஆபீசரா?" என்றார்.

"சோளம் விக்கிறவன்."

"சோளம் விக்கிறவன் சொல்லி நான் எழுந்திருக்கணுமா?" என்றார். அவர் மனைவி மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவரும் எழுந்தார். கைக்குழந்தைக்காரி குழந்தையைப் புடவைத் தலைப்பில் மூடிக்கொண்டு போனாள். காசி மிஷினை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். சிரித்த பையன்களில் ஒருவன் மட்டும் கையை வீசினான். அவனுக்குக் காதில் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான், ஓடவில்லை.

கடைசி ஆளாக நான் திரும்பியபோது என் சட்டைப்பை மேல் ஒன்று வந்து உட்கார்ந்தது. சரியாக மாத்திரை இருந்த பை. அதன் கால்கள் துணியில் நகர்வது தெரிந்தது. சாலை ஐம்பது அடியில் இருந்தது. மனைவி பெயரைச் சொல்லிக்கொண்டேன். குமுதா சாலை ஓரத்திலிருந்து பார்த்துவிட்டு, கத்தாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்: அசையாத. அது காலர் வரை நடந்து வந்தது. கழுத்தருகில் நின்றது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு இறக்கையின் காற்று மட்டும் தாடையில் பட்டது. போய்விட்டது.

இரண்டரை மணிக்கு அடைகள் பழையபடி கறை போல ஆகிவிட்டன. இருட்டிய பிறகு வந்து சாமான்களை எடுக்கலாம் என்று காசி சொன்னார். அதற்கு முன் குமுதாவின் கணவர் போர்வை போர்த்திக்கொண்டு ஒவ்வொன்றாக இழுத்து வந்துவிட்டார். சாலைக்கு மறுபுறம் மொட்டை வெயிலில் டிரம்மைப் போட்டார்கள்.

"உன் அடுப்பையும் இங்க போடுண்ணா," என்றாள் குமுதா. "ஆனா காத்து பார்த்து எடம் நீதான் காட்டணும்." காட்டினேன். கரியைக் கொட்டுவதற்கு முன் அவள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு ஒரு கோழிக்காலை இலையில் வைத்துக் கொடுத்தாள். நன்றாக வெந்திருந்தது.

ஐந்து மணிக்கு ஏழுமலை வந்தான். "இன்னா மாமா, கல்லு வெச்சு புடிச்ச எடத்தை வுட்டுட்டு வெயில்ல நிக்கிற?" என்றான். பாறையின் மேல் பக்கம் கை காட்டினேன். அண்ணாந்து பார்த்தவன் என் மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றினான்.

ராத்திரி வீட்டில் என் கைக் கொப்புளத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டே மனைவி கேட்டாள், "கோட்டை எப்படி இருந்துது?"

"பார்க்கல."

"அவ்ளோ தூரம் போயி, காலைலேந்து சாயங்காலம் வரைக்கும் இன்னாதான் பார்த்த?"

உண்மைதான். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்திருக்கிறேன், கோட்டையைப் பார்க்கவில்லை.

மறுநாள் மரக்காணம் கடற்கரையில் வழக்கமான இடத்தில் அடுப்பை வைத்தேன். இருபது வருஷமாக அதே சவுக்கு மரத்தடி. இங்கே கடல் காற்று புகையை ஒரு நொடியில் அடித்துக்கொண்டு போய்விடும், யாருக்கும் தொந்தரவில்லை. விசிறியைக் கையில் எடுத்துவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தேன். கிளை கிளையாகப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இருந்தாலும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு இருபதடி தள்ளி, தலைக்கு மேல் எதுவுமே இல்லாத மணலில் கொண்டுபோய் வைத்தேன்.