விட்டுப்போன ஒரு வேளை மருந்து

கனடாவில், ஸ்காபரோ பிளாசாவில் ஒரு மருந்துக் கடை. பக்கத்துக் கடையிலிருந்து றோல்ஸ் பொரிக்கும் வாசம் வருகிறது. மகள் தள்ளுவண்டியில் பிஸ்கட் கடிக்கிறாள். அவளுடைய மூட்டுவாதத்துக்கு, நாங்கள் வசிக்கும் டப்ளினில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்தை ஆராய்ச்சியாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள். கொடுக்கும் ஒவ்வொரு வேளையையும் நான் ஒரு கொப்பியில் குறிக்க வேண்டும். நேற்று இங்கே வந்து இறங்கிய விமானக் களைப்பில் ஒரு வேளையை மறந்துவிட்டேன். உண்மையை எழுதினால் அவளை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடுவார்களோ? மருந்தாளரிடம் கொப்பியைக் காட்டி விஷயத்தைச் சொல்கிறேன்.

"இப்ப ரெண்டு வேளையையும் சேர்த்துக் குடுக்கலாமோ அண்ணை?"

மருந்தாளர் கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறார். "குடுத்திடாதேங்கோ. உந்தக் கொப்பியில ஆஸ்பத்திரி நம்பர் இருக்கெல்லோ, அவைக்குப் போன் எடுங்கோ."

"குடுத்ததெண்டு எழுதிவிட்டால்?"

"தங்கச்சி, உங்கட பொய்யை நம்பியோ நாளைக்கு மற்றப் பிள்ளையளுக்கு மருந்து குடுக்கிறது?"

வெட்கத்தோடு அழைக்கிறேன். ஆராய்ச்சித் தாதி முதலில் கேட்பது மகளைப் பற்றித்தான்: வலி இருக்கிறதா, மூட்டு வீங்கியிருக்கிறதா? இல்லை என்கிறேன். மருத்துவரிடம் கேட்டுவிட்டு வருகிறார். விட்டது விட்டதாகவே இருக்கட்டும், அடுத்த வேளையை வழக்கம்போலக் கொடுங்கள், மகள் ஆராய்ச்சியில் தொடரலாம் என்கிறார். மறைக்காமல் சொன்னதற்கு எனக்கு நன்றியும் சொல்கிறார். நானும் நன்றி சொல்லிவிட்டு அழைப்பை முடிக்கிறேன்.

மருந்தாளர் பேனாவை நீட்டுகிறார். நேற்றைய கட்டத்தில் எழுதுகிறேன்: "கொடுக்கவில்லை. அம்மா மறந்துவிட்டார்."

அவர் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். "உது பரவாயில்லை. நான் கனடா வந்த அண்டு பாஸ்போட்டையே பிளேனில விட்டிட்டு இறங்கினனான்."