இராசநாயகம் சொன்ன ஒரே சொல்

1996இல் வந்த பக்கவாதம் இராசநாயகத்தின் வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோனது. யாழ்ப்பாணத்தில் இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கதைத்தே பிழைத்த மனிதர், புலம்பெயர்ந்து வந்த மவுண்ட் ரோஸ்கில் வீட்டு முன்னறையில் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். மனைவி ரதிதேவி முதியோர் இல்லமொன்றில் துணி தோய்க்கும் வேலைக்குப் போய்வந்தாள்.

அங்கே சமையலறையில் நின்ற ஹிசாக்கோ என்ற ஜப்பானியப் பெண் ஒருநாள் தங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். ஜப்பானியரின் பழைய ஷின்டோ மத வழியில் கிளைத்த சின்னக் கூட்டம். கிளென்ஃபீல்டில் ஒரு வீட்டின் கார் நிறுத்தும் கராஜில் பீடம் வைத்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் தெருக் குப்பை பொறுக்குவார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சூப் கொண்டுபோவார்கள். அந்தத் தெருவில் யாருக்கு என்ன நடந்தாலும் முதலில் அந்தக் கராஜ் கதவைத்தான் தட்டுவார்கள். நோயாளியின் நெற்றிக்கு நேரே உள்ளங்கையை நீட்டி ஒளி கொடுப்பதும் உண்டு.

கோயில் நேர்த்தியும் ஆஸ்பத்திரிப் பயிற்சியும் கைவிட்டிருந்த நேரம். ரதிதேவி சம்மதித்தாள்.

ஞாயிறுதோறும் அவரை வான் வண்டியில் ஏற்றிப்போனார்கள். கைதட்டி, குனிந்து கும்பிட்டு, ஒரு மணி நேரம் கை நீட்டுவார்கள். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

பன்னிரண்டாம் ஞாயிறு அவர் வாய் கோணி அசைந்தது.

“போதும்.”

கராஜே எழுந்து நின்றது. அழுதுகொண்டே ஹிசாக்கோ கேட்டாள்: “என்ன சொன்னார்?”

அவர் கண்கள் ரதிதேவியிலேயே நிலைத்திருந்தன. ஊட்டுவது, கழுவுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சொல் என்று அவளுக்கு விளங்கியது. கூட்டத்தின் முகங்களைப் பார்த்தாள்.

“நன்றி என்று சொன்னார்” என்றாள் ஆங்கிலத்தில்.

அன்றிரவே செய்தி பரவியது. தூரத்து ஒடாஹுஹுவிலிருந்துகூட நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். இராசநாயகத்தை முன்வரிசையில் இருத்தினார்கள். நடக்கமாட்டாத மகளைத் தூக்கிவந்த தாயொருத்தி ரதிதேவியின் கையைப் பிடித்து, “உண்மையாகவே பேசினாரா?” என்று கேட்டாள். ரதிதேவி தலையாட்டினாள். அந்தத் தாய் வாராவாரம் வந்தாள். பிள்ளை நடக்கவில்லை.

வீட்டில் அவர் கட்டிலருகே இருந்து ரதிதேவி கெஞ்சினாள்: “இன்னொருக்கால் கதையுங்கோப்பா. என்னை ஏசினாலும் பரவாயில்லை.”

அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினார். இனிக் கராஜுக்கு வரமாட்டோம் என்று சொல்ல அவள் இரண்டுமுறை வாயெடுத்தாள். இரண்டுமுறையும் யாரோ ஒருவர் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

எட்டு மாதத்தில் இரண்டாம் தடவை பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தார். அவள் காதை அவர் வாயோடு வைத்துக் கேட்டாள். மூச்சுத்தான் வந்தது. ஐந்தாம் நாள் அதுவும் இல்லை.