சீட்டில் எழுதாத ஊர்

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் ஜெபக் குறிப்பைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். யாருக்காக, எந்த ஊர், என்ன காரியம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஊர் இல்லாத சீட்டைச் செயலாளர் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆண்டவருக்கு விலாசம் வேறு வேண்டுமா என்று பலமுறை கேலி செய்திருக்கிறேன். மனுஷன் சிரிக்க மாட்டார்.

அந்த ஞாயிறு எனக்கு இரண்டு சீட்டு எழுத வேண்டியிருந்தது. ஒன்று மருமகனுக்கு. அவர் பட்டாளத்தில், காஷ்மீர் எல்லையில் இருக்கிறார். சண்டை தொடங்கிய பிறகு போன் வரவில்லை. ஏழு மாதக் கர்ப்பிணியான மகள் குமரி மாவட்டத்துப் புதுக்கடைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் இருந்தாள். சாப்பிடும்போதும் போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

மற்ற சீட்டு என் நண்பனுக்கு. துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில் பதினான்கு வருடம் ஒரே அறையில் கிடந்தோம். இரண்டு பேரும் தண்ணீர் லாரி ஓட்டினோம். அவன் பாகிஸ்தான்காரன், சியால்கோட் பக்கம் ஒரு கிராமம். எனக்குத் தெரிந்த இந்தி முழுக்க அவன் சொல்லிக் கொடுத்ததுதான். என் மகளுக்கு நான்கு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தபோது கம்பெனி லீவு தர மறுத்தது. அவன்தான் மேலாளரிடம் போய் நின்று, மூன்று வாரம் என் லாரியையும் சேர்த்து ஓட்டி, என்னை விமானம் ஏற்றிவிட்டான். இரண்டு பேரும் ஊர் திரும்பிய பிறகும் வாட்ஸ்அப்பில் பேச்சு நிற்கவில்லை. அவனுக்குச் செவ்வாய்க்கிழமை நெஞ்சில் ஆபரேஷன். "உங்கள் கோயிலில் எனக்காகக் கேட்கச் சொல். என் ஊர்ப் பெயரையும் சொல்லச் சொல்" என்று முந்தின வாரமே கேட்டிருந்தான்.

நான் எழுதுவதை மகள் எட்டிப் பார்த்தாள்.

"அந்த ஊரு பேரு எழுதாண்டாம் அப்பா. நாளைக்கு அவருக்க வேலைக்கு எதாவது வந்தா?"

"உனக்கு சொகமில்லாம கெடந்தப்போ அவன் என்ன செஞ்சான்னு தெரியும்லா மக்கா?"

"தெரியும். அதுக்குன்னு எனக்க மாப்பிளைய விட்டுக்குடுக்க முடியுமா?"

அவள் சொன்னது நியாயமில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நியாயம் பேச எனக்குத் தெம்பில்லை. டிவியில் ஒருவன் மேசையைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தான். நான் பிறப்பதற்கு முன்பே நாட்டைப் பாகம் பிரித்தாயிற்று. வேலித் தகராறு மட்டும் ஓயவில்லை. எங்கள் ஊரில் இப்படிப்பட்ட வழக்குகளில் வக்கீல்தான் மாடி கட்டுவார். எனக்கு அலுத்துவிட்டது. சீட்டைக் கிழித்துவிட்டு வேறொன்றில் 'ஊர்: அஜ்மான்' என்று எழுதினேன்.

செயலாளர் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தார். மருமகனுக்குச் சபை முழுக்கக் கண்ணீரோடு ஆமென் சொன்னது. அஜ்மான்காரனுக்கும் குறையில்லாமல் சொன்னது. எனக்குத்தான் வாய் வரவில்லை.

வாசலில் செயலாளர் பிடித்துக்கொண்டார். "அஜ்மான்ல எந்த ஆசுத்திரி அண்ணே? எனக்க மூத்தவன் அங்கதான். ஒண்ணு போய்ப் பாத்து ஜெபிச்சிட்டு வரட்டும்."

எங்கள் ஆட்களுக்கு இதுதான் வழக்கம். நோயாளி என்று கேட்டால் கடல் தாண்டியும் ஆள் அனுப்புவார்கள். அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

"வேண்டாம். ஊருக்குப் போய்ட்டான்" என்றேன்.

"எந்த ஊரு?"

"வடக்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பொய் இல்லைதான். ஆனால் வீடு வரும்வரை மனம் கசந்து கிடந்தது.

புதன்கிழமை காலை சண்டை நிறுத்தம் என்று டிவியில் சொன்னார்கள். மருமகனிடமிருந்து அப்போதும் போன் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் நண்பன் கூப்பிட்டான். பிழைத்துவிட்டான். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச முடிந்தது.

"சொன்னார்களா? என் கிராமத்தின் பெயரையும்?"

"சொன்னார்கள். எல்லாரும் ஆமென் சொன்னார்கள்."

அவன் சந்தோஷப்பட்டது எனக்குக் கேட்டது. பக்கத்தில் இருந்த மனைவியிடம் அதைப் பஞ்சாபியில் சொன்னான். எனக்குத் தலை நிமிரவில்லை.

"மருமகன் எங்கே நிற்கிறான்? பெயரைச் சொல். இன்று ஜும்மா, பையன் பள்ளிவாசலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறான். கேட்கச் சொல்கிறேன்."

எதிரே நின்ற மகளிடம் போனைப் பொத்திக்கொண்டு அவன் கேட்டதைச் சொன்னேன். தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். மருமகன் பட்டாளத்துக்காரன் என்பது நண்பனுக்குத் தெரியும். கல்யாணத்தின்போது சீருடைப் படத்தைப் பெருமையாக அனுப்பியதே நான்தான்.

"அவன் வீட்டில்தான் இருக்கிறான்" என்றேன். "லீவில் வந்திருக்கிறான்."

அறையில் பதினான்கு வருடம் கூடவே கிடந்தவன், என் குரலில் பொய் வந்தால் அவனுக்குத் தெரியாமல் போகாது.

"நல்லது" என்றான். "அல்லாஹ் அவனை வீட்டிலேயே வைத்திருக்கட்டும்."

"என்ன சொன்னாரு?" என்று மகள் கேட்டாள். தமிழில் சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.